நான்கு சாட்சிகள் சொன்ன எண்

ஏப்ரல் 2, 2025

வங்கியில் இலவசமாகக் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். மே 31 அன்று ஓய்வு பெறுகிறேன். நான் போன பிறகு எங்கள் கணிதத் துறையில் எண் தெரிந்தவர் எவரும் இருக்கப் போவதில்லை. நடந்ததையாவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். பின்னால் இதைப் படிக்கப் போகிறவர்களின் அறிவைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது என்பதால் எல்லாவற்றையும் விளக்கியே எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் ஆவுடைநாயகம், துறைத்தலைவர். தென்காசிப் பக்கத்துக் கல்லூரி. துறைக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது, மே 26 திறப்பு விழா. வாசலில் கறுப்பு கிரானைட் கல்வெட்டு. திறந்து வைப்பவர் பெயர், செயலர் பெயர், முதல்வர் பெயர் எல்லாம் போக அடியில் ஓர் அடி இடம் மிச்சம் இருக்கிறதாம். அதில் என்ன வெட்டுவது என்று இன்று கூட்டம். முதல்வர் (விலங்கியல், தவளை அறுத்து டாக்டர் பட்டம் வாங்கியவர்) ஒரு குறள் போடலாம் என்றார். தமிழ்த்துறைக்காரர் தாமே ஒரு வெண்பா எழுதித் தருவதாகச் சொன்னார். அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் நான் எழுந்தேன். கணிதத் துறை வாசலில் ஒரு எண்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒரு பெரிய பகா எண், என் சோதனைப்படி தேர்ந்தது என்றேன். எவருக்கும் புரியவில்லை, ஆகவே ஏகமனதாக நிறைவேறியது.

ஏப்ரல் 3

பகா எண் என்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது. 7, 13, 101. மற்றவை பகு எண்கள், அதாவது சிறியவற்றைப் பெருக்கி உண்டாக்கியவை. மனிதர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க மட்டிகள் செய்வது, 3ஆல் வகு, 7ஆல் வகு, 11ஆல் வகு என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போவது. அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வேலை. என் முறை வேறு. 1998ஆம் வருடக் கல்லூரி மலரில் ‘நான்கு சாட்சிச் சோதனை’ என்று எழுதியிருக்கிறேன். 2ஐ எடுத்து, சோதிக்கும் எண்ணில் ஏறக்குறைய பாதித் தடவை தன்னோடு பெருக்கி, அந்த எண்ணால் வகுத்து மீதி பார்க்க வேண்டும். பகா எண் என்றால் மீதி 1 வரும், அல்லது அந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக வரும். வேறு எது வந்தாலும் எண் போலி. 2 முதல் சாட்சி. பிறகு 3, 5, 7 என்று மூன்று சாட்சிகள். நால்வரும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டால் தீர்ப்பு எழுதிவிடலாம். இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி வரை இது தவறாது என்று அந்தக் கட்டுரையிலேயே சவால் விட்டிருந்தேன். இருபத்தேழு வருடமாக எவனும் மறுக்கவில்லை. படித்தால்தானே மறுப்பதற்கு.

பழைய மாணவர்களின் செய்தி மடலில் ஜனவரியில் மறுபடியும் அந்தச் சவாலைப் போட்டேன். எந்த எண்ணை வேண்டுமானாலும் அனுப்புங்கள், கையாலேயே சோதித்துச் சொல்கிறேன் என்று. பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். ஏழு பேர் தங்கள் போன் நம்பரை அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேர் பைக் நம்பர். ஒருவன் தன் பிறந்த தேதியை எழுதி, கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறான். இவர்களுக்குத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் தொண்டை வறளக் கத்தினேன்.

ஏப்ரல் 9

ஒருவழியாக ஒரு மனிதப் பிறவி எழுதியிருக்கிறது. அஞ்சல் அட்டை. சுரண்டை முத்திரை.

“3215031751. இது பகா எண்ணா? உங்கள் நான்கு சாட்சிகளைக் கேட்டுச் சொல்லுங்கள். — பழைய ஆள்.”

அவ்வளவுதான். பெயர் இல்லை. 7க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோட்டை எங்கோ பார்த்திருக்கிறேன். எண்ணையும்கூட எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நல்ல எண்கள் அப்படித்தான் இருக்கும்.

பத்து இலக்கம், ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் 28, ஆகவே 3ஆல் வகுபடாது. 28 என்பதே ஒரு நிறைவெண். அதன் வகுத்திகள் 1, 2, 4, 7, 14 கூட்டினால் அதுவே வரும். அழகான எண். கல்லில் வெட்டத் தக்க எண். நாளை முதல் சாட்சியை விசாரிக்கிறேன்.

ஏப்ரல் 10

2ஐ விசாரித்தேன். வர்க்கத்துக்கு வர்க்கம் என்று ஏறினால் நூற்று அறுபது கோடிப் பெருக்கலும் முப்பது படியில் அடங்கிவிடும். முப்பது முறை வர்க்கம் போட்டு, ஒவ்வொரு தடவையும் மீதி எடுத்து, பதினாறு பக்கம். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. மீதி 1. தேறியது.

கோமு கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யச் சொன்னாள். மறந்துவிட்டேன். கோமு என் மனைவி கோமதி. முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் என் கணக்கில் ஒரு தவறு கண்டுபிடிக்காத ஒரே ஜீவன். ஏனென்றால் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 11

3ஐ விசாரித்தேன். மீதி 3215031750. எண்ணுக்கு ஒன்று குறைவு. தேறியது.

ஏப்ரல் 12

5. மீதி 1.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கோமு வேப்பம்பூப் பச்சடி வைத்துவிட்டு நான்கு முறை கூப்பிட்டாள். 7ஐ முடித்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தேன். மீதி 3215031750.

நான்கு சாட்சிகளும் ஒரே குரலில் பேசிவிட்டன. முந்நூற்று இருபத்தொரு கோடியே ஐம்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று பகா எண் என்று இதனால் அறிவிக்கிறேன். பச்சடி ஆறிப்போயிருந்தது.

ஏப்ரல் 15

துறையில் அறிவித்தேன். உதவிப் பேராசிரியர் காஜா மைதீன் அட்டையை வாங்கிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். “நல்லா இருக்கு ஸார்,” என்றார். இவர் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிற தலைமுறை. ஒரு பெருக்கலுக்குக்கூட மெஷினை எடுக்கிறவர். கணினியில் சரிபார்க்கட்டுமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்திருப்பார். என் துறையில் அது நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 17

செயலர் எண்ணை ஒப்புக்கொண்டார். ஏன் தெரியுமா? கூட்டினால் 28, அதைக் கூட்டினால் 10, அதைக் கூட்டினால் 1. ஒன்று சூரியனின் எண்ணாம், அவருடைய ஜாதகத்துக்கு மிகவும் பொருத்தமாம். ஒரு பகா எண்ணுக்கு இதைவிடக் கேவலம் வேறு கிடையாது. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22

கல்வெட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாடசாமி தாளை வாங்கிப் படித்தார். “இது யாரு போன் நம்பரு ஸார்?” என்று கேட்டார். போன் நம்பர் 3இல் தொடங்காது என்றேன். அப்படியானால் பழைய லேண்ட் லைனா என்றார். அவருடைய வேலை வெட்டுவது மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். எண்ணுக்கு அடியில் ‘ஆவுடைநாயகம் சோதனையில் தேர்ந்த பகா எண்’ என்று ஒரு வரி. முப்பத்து நான்கு வருடத்துக்கு ஒரு வரி. அதிகம் கேட்டுவிடவில்லை.

ஏப்ரல் 23

கேஸ் தீர்ந்துவிட்டது. கோமு பேசவில்லை.

ஏப்ரல் 28

கோமு பேசினாள். மேஜையைத் துடைக்கும்போது அஞ்சல் அட்டையைப் பார்த்திருக்கிறாள்.

“சுரண்டையா? அந்த ஜெயக்கொடி ஊரு சுரண்டைல்லா?”

எந்த ஜெயக்கொடி என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஆமா, உங்களுக்கு மறந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறக்கவில்லை. மறக்கவும் ஒன்றும் இல்லை. ஜெயக்கொடி 2003இல் என் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தவள். சுமாரான பெண். மாணவர்கள் அவள் வகுப்பென்றால் ஓடுவார்கள் என்று ஒரு பேச்சு. மாணவர்கள் எதற்குத்தான் ஓடமாட்டார்கள். 2006 மார்ச்சில் உள் தேர்வு வினாத்தாள் வெளியானது. நான் விசாரணைக் குழுத் தலைவர். நான்கு மாணவர்கள் வந்து, ஜெயக்கொடி மேடம்தான் கொடுத்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்கு வாக்குமூலமும் ஒரே மாதிரி. நான் அறிக்கை எழுதினேன், நிர்வாகம் நீக்கியது. நம்பிக்கைத் துரோகம் என்று உத்தரவில் இருந்ததால் வேறு கல்லூரிகள் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அது நிர்வாகத்தின் வார்த்தை, என்னுடையது அல்ல.

அதற்கு மூன்று மாதம் முன்பு துறைக் கருத்தரங்கில் அவள் என் சோதனை போதாது என்று ஏதோ சொன்னாள். போர்டில் என்னவோ எழுதினாள். மணி அடித்துவிட்டது. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சுரண்டையில் நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள்.

மே 2

இன்னொரு அட்டை. அதே கை. பெயரும் இல்லை, வணக்கமும் இல்லை. ஒரே ஒரு எண்: 151.

மே 3

அந்த அட்டையின் பொருள், 151ஆல் வகுத்துப் பார் என்பது. நான்கு நாள் உட்கார்ந்து நான்கு சாட்சிகளை விசாரித்தவன் வகுத்தல் கணக்கு போட வேண்டுமாம். நான் என்ன ஐந்தாம் வகுப்பா?

கேஸ் வந்தது.

மே 4

இன்றும் வகுக்கவில்லை. அவசியம் இல்லை. மாம்பழம் வாங்கி வந்தேன், புளிப்பு.

மே 5

மாடசாமி போன் செய்தார். வெட்டி முடித்துவிட்டாராம். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம். இனி ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எதற்காக அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

மே 6

வகுத்தேன். 21291601. மீதி இல்லை.

மே 7

அந்த 21291601ஐயும் பிரித்தேன்: 751, 28351. ஆக 151 × 751 × 28351. மூன்று சில்லறைகளைப் பெருக்கி உண்டாக்கிய எண். எட்டு வகுத்திகள். தன்னை விட்டு மற்ற ஏழையும் கூட்டினால் இரண்டு கோடியே ஐம்பத்தேழு லட்சத்துச் சொச்சம், அதாவது எண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குறைவெண். 28 நிறைவெண் என்று மகிழ்ந்தவன் பெற்றது இது.

என் அறுபத்து நான்கு பக்கத்திலும் பிழை தேடினேன். காலையிலிருந்து மாலை வரை தேடினேன். ஒரு பிழையாவது இருந்தால் பிழைத்திருப்பேன். இல்லை. நான்கு சாட்சிகளும் சொன்னதாக நான் எழுதியதெல்லாம் சரி. அவை ஒன்றுபோலச் சொன்னதும் சரி. எண் மட்டும் பகா எண் அல்ல.

நூற்றைம்பத்தொன்று முப்பத்தாறாவது பகா எண். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரிசையாக வகுத்திருந்தால் அரை மணி நேரத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

மே 8

காஜா மைதீனை அறைக்குக் கூப்பிட்டு, இந்த எண் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எப்போதிலிருந்து? ஏப்ரல் 15ஆம் தேதி, அட்டையைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து. பெயர் பெற்ற எண்ணாம் அது. 2, 3, 5, 7 நான்கும் சேர்ந்து ஏமாறுகிற எண் இரண்டாயிரத்து ஐந்நூறு கோடிக்குள் ஒன்றே ஒன்றுதானாம், அது இதுதானாம். போலிப் பகா எண் என்று வகைப்படுத்தி நாற்பது வருடமாகப் புத்தகங்களில் இருக்கிறதாம். என் சோதனையும் என்னுடையது அல்லவாம். அதற்கும் முன்பே அச்சில் உண்டாம். இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க கேக்கலயே ஸார்.” கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, “ஜெயக்கொடி மேடம் சொல்லிப் பாத்தாங்கன்னு நான் சேர்ந்த வருசமே சீனியருங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் யாரு ஸார் சொல்லுவா?” என்றார்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவதாக 11ஐக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே குட்டு உடைந்திருக்குமாம். சரிபார்த்தேன். உண்மை. 11 இந்த எண்ணுக்காகப் பொய் சொல்லாது. நான் நான்கோடு நிறுத்தியிருந்தேன்.

மே 9

யோசித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. இந்த ஊரில் கல்வெட்டைப் பார்த்து வகுத்தல் போடுகிறவன் எவன்? செயலர் அதைக் கூட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். முதல்வருக்கு நாலு கால் இருந்தால்தான் அக்கறை. மாணவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். காஜா மைதீன் வாயைத் திறக்க மாட்டார். மூடர்களின் நடுவே வாழ்வதில் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறது.

இதைக் கோமுவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல? இரண்டாயிரத்து ஐந்நூறு கோடியில் ஒரே ஒரு எண்தான் தவறிப்போனது, இதைத் தவறு என்றே சொல்லக்கூடாது என்றேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஒண்ணுதானேன்னு சொல்லுதீங்க. அந்த ஒண்ணு ஒரு பொம்பள. அவளுக்கு ஒரு பிள்ள இருந்துச்சு.”

நான் எண்ணைப் பற்றித்தான் பேசினேன் என்றேன். அவளும் அதைப் பற்றித்தான் பேசியதாகச் சொன்னாள்.

மே 10

ஒன்றும் எழுதவில்லை.

மே 12

விசாரணைக் கோப்பை எடுத்தேன். அலுவலக அலமாரியில் அடியில் கிடந்தது. குழுவில் இருந்த மற்ற இருவரும் இறந்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டால் இந்தக் கோப்பைப் பற்றிப் பேச உரிமையுள்ள ஆள் ஒருவரும் இருக்கப் போவதில்லை.

நான்கு வாக்குமூலங்கள். நான்கிலும் ‘அன்று மாலை நாலே முக்கால் மணியளவில் துறை நூலக வாசலில் வைத்து’ என்று ஒரே வாக்கியம். ‘மணியளவில்’ என்பதுகூட மாறவில்லை. அப்போது எனக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது! நால்வரும் விடுதியில் ஒரே அறை. ஒருவன் செயலரின் தங்கை மகன். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியும் என்று இதுவரை எங்கும் எழுதியதில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜெயக்கொடியின் பதிலும் இருக்கிறது. அன்று மதியமே மகளுக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டதாகவும், துப்புரவுப் பணியாளர் பேச்சியம்மாள் அதற்குச் சாட்சி என்றும் எழுதியிருக்கிறாள். 7க்குக் குறுக்கே கோடு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்: ‘தேவையில்லை.’

கையெழுத்து என்னுடையது.

மே 14

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். சந்தைக்குப் பின்பக்கம். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, மூட்டுவலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பத்தொன்பது வருடம் கழித்தும் எழுந்து நிற்கிறாள். எனக்குக் கூசியது.

அன்று நடந்ததைக் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

“அந்த டீச்சரு மத்தியானமே போயிட்டாவளே. பிள்ளைக்கு காச்சன்னு அழுதுக்கிட்டு நின்னாவ. நாந்தான் ஒண்ணரை மணி வண்டியில ஏத்திவிட்டேன்.”

இதை ஏன் அப்போது சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் எப்படி வந்தது என்று இப்போது தெரியவில்லை.

“சொல்லணும்னுதான ஸார் காலையில இருந்து வெளிய பெஞ்சுல இருந்தேன். நீங்கதான் கதவத் தொறந்து பாத்தீய. நாலு பேரு போதும்னு உள்ள சொன்னீய. எனக்குக் கேட்டுச்சு.”

மே 15

எனக்கும் கேட்டிருக்கிறது. அந்தக் குரல் அப்படியே நினைவிருக்கிறது. நான் அன்று சந்தோஷமாக இருந்தேன். என் சோதனையைக் குறை சொன்னவள் நான்கு சாட்சியால் வீழ்ந்தாள் என்று சந்தோஷமாக இருந்தேன். சம்பந்தமில்லை என்று மேலே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும். படிக்கிறவர்கள் என்னை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

மே 17

பேச்சியம்மாள் சொன்னதைக் காஜா மைதீன் எழுதி, வாசித்துக் காட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். சாட்சியாகத் தானும் போட்டார். கேட்காமலே போட்டார். கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். விசாரணை தவறானது, முக்கியமான சாட்சியை நான் வேண்டுமென்றே கேட்கவில்லை, நீக்க உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று. ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை இரண்டு முறை எடுத்துவிட்டு மூன்றாம் முறை வைத்தேன்.

மே 19

சுரண்டைக்குப் பஸ்ஸில் போனேன். உரக்கடை மாடியில் டியூஷன் சென்டர். பெஞ்சுகள், ஒரு கரும்பலகை. ஜெயக்கொடிக்கு ஐம்பது வயது இருக்கும். முடி நரைத்துவிட்டது. வாங்க ஸார் என்றாள். உட்காரச் சொன்னாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை, அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். எண்ணை மாற்ற முடியாது, ஆனால் பக்கத்தில் இடம் இருக்கிறது, சமக்குறி போட்டு மூன்று காரணிகளையும் வெட்டி, கண்டறிந்தவர் ஜெயக்கொடி என்று போட்டுவிடலாம் என்றேன். இதைப் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். பெருந்தன்மையான யோசனை என்று நினைத்திருந்தேன்.

“கல்லுல என் பேரு வேண்டாம் ஸார். ஃபைல்ல இருந்து எடுங்க.”

கடிதத்தை நீட்டினேன். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு இடத்தில் சுழித்தாள். நீக்கிய தேதி தவறு, மார்ச் 28 இல்லை, ஏப்ரல் 11 என்றாள். அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். அவளுக்கு ஒரு நகல் வேண்டும் என்றாள். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாளாம், அவளிடம் காட்டுவதற்காம்.

எழுந்திருக்கும்போது கேட்டேன், இந்த எண் எங்கே கிடைத்தது என்று. ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

“நான் 2005 செமினார்ல போர்டுல எழுதினது இந்த எண்தான் ஸார். நூத்தம்பத்தொண்ணால வகுத்துக் காட்டப் போனேன். பாதிக் கணக்குல நீங்க டஸ்டர எடுத்து அழிச்சிட்டீங்க.”

மணி அடித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடிக்கவில்லை. நான் அழித்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கையில் சுண்ணத்தூள்கூட ஞாபகம் இருக்கிறது. போர்டில் நான் அழித்த எண்ணை நானே பத்தொன்பது வருடம் கழித்துக் கறுப்பு கிரானைட்டில் வெட்டி, அடியில் என் பெயரையும் போட்டிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். பஸ் நிற்கிற இடம் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

மே 20

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு.

மே 26

திறப்பு விழா. பெரிய மனிதர் திரையை விலக்கினார். எண் பளிச்சென்று இருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள்.

இந்த எண் பகா எண் அல்ல, 151ஆல் வகுபடும் என்றேன். கைதட்டினார்கள். இதை இந்தக் கல்லூரியில் 2005லேயே சொன்னவர் ஜெயக்கொடி, அவரை நாங்கள் அநியாயமாக வெளியே அனுப்பினோம், அந்த அறிக்கையை எழுதியவன் நான், அது பொய் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன் என்றேன். அதற்கும் பாதிப் பேர் கைதட்டினார்கள். தட்டிப் பழகிய கைகள். மேடையில் செயலருக்கு மட்டும் புரிந்தது, முகம் கறுத்துவிட்டது. கூட்டத்தில் கோமு இருந்தாள். அவள் தட்டவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெயிலாக இருக்கலாம்.

கீழே இறங்கியதும் செயலர் தனியே அழைத்துப் போனார். போகிற நேரத்தில் எதற்கு ஸார் இதெல்லாம் என்றார். போகிற நேரத்திலாவது என்றேன்.

மே 28

என் பிரிவுபசார விழா ‘இட வசதி இன்மையால்’ ரத்து என்று சுற்றறிக்கை. புதுக் கட்டடம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது.

மே 30

ஒப்புகை அட்டை வந்தது. யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இனிமேல் என்ன நடக்கும் என்று தெரியாது. அரசு அலுவலகங்களைப் பற்றி என் கருத்து என்னவென்று முன்பு எழுதியிருந்தால் இரண்டு பக்கம் போயிருக்கும். இப்போது, அங்கேயும் வகுத்துப் பார்க்கிற ஒரு ஆள் இருக்க வேண்டுமே என்று மட்டும் இருக்கிறது. அட்டையைக் காஜா மைதீனிடம் கொடுத்தேன். மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

மே 31

பன்னிரண்டு மணிக்குச் சாவிகளை ஒப்படைத்தேன். காஜா மைதீன் ஒரு சால்வை கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, வாங்கிக்கொண்டேன்.

வெளியே வரும்போது கல்வெட்டின் முன்னால் புது வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தான். இந்த வாரம்தான் சேர்ந்தவன். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்துவிட்டு, “போட்டுப் பாத்தேன் ஸார், போக மாட்டேங்கு. இது யாரு நம்பரு?” என்று கேட்டான்.

முன்பென்றால் நான் சொல்லியிருக்கும் பதில் எனக்கே தெரியும்.

“ஜெயக்கொடி டீச்சர் நம்பரு,” என்றேன்.